பத்தியமும் ருசியும்

மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு, கணவருக்குச் சர்க்கரை, மாமியார் வெங்காயம் பூண்டு தொடமாட்டார். மயிலாப்பூரில் இப்படியொரு வீட்டுக்குப் பல ஆண்டுகளாகச் சமைத்துவருகிறேன். ஒரு பொருளை விடவேண்டி வந்தால் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: குழம்பில் அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது? அந்த வேலைக்கு வேறு எதை வைக்கலாம்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது திவசச் சமையல். எங்களைப் போன்ற வீடுகளில் அன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பெருங்காயம் எதுவும் சேராது. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம்மிடம் வந்தது. அதுவரை காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான். திவசத் தளிகையில் இன்றும் மிளகுதான் ஆட்சி செய்கிறது. நெய்யில் பொரிந்த சீரகமும் கைநிறையக் கறிவேப்பிலையும் வாசனைக்கு. வாழைக்காய், சேனை, கொத்தவரங்காய் கறிக்கு. கூடவே பிரண்டைத் துவையல். இத்தனையை விலக்கிய பிறகும் அந்த இலையில் எதுவும் குறைவதில்லை.

மாமனாரின் சாப்பாடுதான் கடினம். அவருக்குப் பொட்டாசியமும் உப்பும் குறைய வேண்டும். பொட்டாசியம் நீரில் கரையும். காயைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிறகு நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். காயின் ருசியும் கூடவே போய்விடும். அதை மீட்பது வாணலியில்தான். காயை ஒட்ட வடித்து, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, ஈரம் வற்றி ஓரம் லேசாகச் சிவக்கும்வரை பொறுமையாக வதக்குவேன். அப்போது பொடித்த மிளகு சீரகம். இறக்கியபின் அவருக்கான உப்பை மேலாகத் தூவுவேன்; நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சமே போதும்.

உப்பு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அள்ளிப்போட அனுமதி இல்லை.

காய் வாங்கப் போகும்போது சமையலை முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. தெற்கு மாட வீதியிலோ தண்ணீர்த்துறை மார்க்கெட்டிலோ அன்று எது பிஞ்சாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் யோசனை. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றியபோது தள்ளுவண்டியில் வந்ததே காய். சௌசௌ மட்டும் கிடைத்த நாளும் உண்டு. நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து வடித்ததில் மாமனாருக்கு மிளகு சீரகக் கறி. மீதியில் வெந்த பாசிப்பருப்பும் தேங்காய், சீரகம் அரைத்ததும் சேர்த்து மாமியாருக்குப் பொரிச்ச கூட்டு. கணவருக்கு அதே கூட்டு இரண்டு கரண்டி அதிகம், சாதம் ஒரு கரண்டி குறைவு. சீவிய தோலை வதக்கி, உளுத்தம்பருப்பும் மிளகாயும் புளியும் வைத்து அரைத்தால் எங்களுக்குத் துவையல்.

இதில் தொழில் நுணுக்கம் என்றால், எந்தக் கட்டத்தில் பிரிக்கிறோம் என்பதுதான். உப்பும் தேங்காயும் புளியும் விழுவதற்கு முன்பே பத்தியக்காரர் பங்கை எடுத்துவிட வேண்டும். அதுவரை எல்லோருக்கும் ஒரே காய், ஒரே அடுப்பு. தனிப் பாத்திரத்தில் ருசியற்றதை வைத்து ஒருவரை மட்டும் நோயாளியாக உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியாது. எது எவ்வளவு என்று டாக்டரும் டயட்டீஷியனும் சொல்வதை நான் மீறுவதில்லை. அந்த எல்லைக்குள் ருசியாகப் போடுவது சமைப்பவரின் பொறுப்பு; அதை வியாதியின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கக் கூடாது.