கொல்லிமலைக்கு மேல் இன்னொரு மலை இல்லை!

நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரத்திலிருந்து புறப்படும் பேருந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் கொல்லிமலை செம்மேட்டுக்கு வருகிறது. கீழே வியர்க்க வியர்க்க ஏறியவர்கள், பாதி வழியிலேயே சன்னலை இழுத்து மூடுகிறார்கள். வல்வில் ஓரி சிலை அருகே இறங்கினால் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காபி, சரிவுகளில் மரவள்ளி, அங்கங்கே சாமை, கேழ்வரகு என்று விரிகிறது மலை.

மலை ஏற ஏற பறவைகளும் மாறுகின்றன. அடிவாரத்துப் புதர்க்காட்டில் மயிலும் கொண்டைக்குருவியும் கண்ணில் படும். மேலே தோட்டங்களில், கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்ததுபோல இருக்கும் செம்மீசைச் சின்னானின் குரல்தான் அதிகம். ஒவ்வொரு பறவைக்கும் ஏற்ற வெப்பம், மழை, இரை என்று ஒரு கணக்கு இருக்கிறது.

உச்சியில் முடியும் கணக்கு

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். இதையே திருப்பிப் போட்டால், பூமி 2 டிகிரி சூடானால் அதே குளிர்ச்சியைத் தேடி ஒரு பறவை சுமார் 300 மீட்டர் மேலே போக வேண்டும். நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அங்கே ஏறுவதற்கு இன்னும் இடம் உண்டு. செம்மேடு இருப்பதோ 1,000 மீட்டருக்கு மேல். அங்கிருந்து மலையின் உச்சிக்கு அதிக தூரம் இல்லை. அதற்குப் பிறகு வானம்தான். கொல்லிமலை சமவெளிக்கு நடுவே தீவுபோல நிற்பதால், நிழலிலேயே வாழும் காட்டுப் பறவைகள் சூடான சமவெளியைக் கடந்து வேறு மலைக்குப் போவதும் எளிதல்ல.

மயில் சொன்ன சேதி

எந்தப் பறவை எங்கே நகரும் என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்? ஒரு பறவை தென்பட்ட இடங்களையெல்லாம் குறித்து, அந்த இடங்களின் வெப்பத்தையும் மழையையும் பார்த்து, அதற்குப் பிடித்த சூழலைக் கணினியில் கணக்கிடுகிறார்கள். 2050-ல் அதே சூழல் எந்த ஊர்களில் இருக்கும் என்று தேடுகிறார்கள்.

இதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1933-ல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் கணக்கெடுத்தபோது மயில் பதிவாகவில்லை. இன்று கேரளாவின் பல மாவட்டங்களில் மயில் வயலில் இறங்குகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட கணிப்பின்படி, அந்த மாநிலத்தில் சுமார் 19 சதவிகிதப் பரப்பு மயிலுக்கு ஏற்றது. 2050-ல் இது ஏறக்குறைய பாதி மாநிலமாகலாம். வறண்ட நிலத்தை விரும்பும் மயில் பெருகுவது, ஈரமான மண் காய்ந்து வருவதன் அடையாளம் என்கிறார்கள் அவர்கள்.

நெல்லையும் கடலையையும் கொத்தும் மயிலால் விவசாயிக்கு நஷ்டம். ஆனால் அது தேசியப் பறவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அதைக் கொல்வது கடுமையான குற்றம். அதனால் மயில் எந்தப் பக்கம் பரவும் என்று முன்கூட்டியே தெரிவது, என்ன பயிர் வைப்பது, எப்படிக் காவல் காப்பது என்று முடிவெடுக்க உதவும்.

இந்தக் கணிப்பு ஜோசியம் அல்ல. முழு உண்மையும் அல்ல. மரம், இரை, எதிரி விலங்கு, தரிசு நிலம் எல்லாமே பறவையின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த இடத்தில்தான் விவசாயியின் கைக்கும் வேலை இருக்கிறது.

தோட்டத்தில் செய்யக்கூடியது

மிளகுக்கும் காபிக்கும் நிழல் தர சில்வர் ஓக்கை மட்டுமே நம்பாமல் பலா, அத்தி போன்ற நாட்டு மரங்களையும் விட்டுவைக்கலாம். பழம் தின்னும் பறவைகளுக்கு அது இரை. பூச்சி தின்னும் பறவைகளுக்குத் தங்குமிடம். ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் விட்டால், வெயில் ஏறும் காலத்திலும் அங்கே குளிர்ச்சி தங்கும்.

கணிப்புக்குத் தகவலும் வேண்டும். தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தோட்டத்தில் 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிந்தால் போதும். வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ஆறுமணிக்குருவி, அந்தி சாயும் நேரத்தில் முதல் குரல் கொடுத்த தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைப்பதும் நல்லது. பத்து வருடக் காலண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலை மாறுகிறதா இல்லையா என்பதைச் செம்மேட்டுக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.