வாடூன் ஆக்கும் வகை

மானைச் சுட்டு வீழ்த்துவது ஒரு நொடிச் செயல். வீழ்ந்த மானைக் கெடாமல் காப்பது பல நாள் உழைப்பு. இலையுதிர் காலம் பிறந்ததும் உரிமச் சீட்டுடன் காடேகும் வட அமெரிக்கக் குடும்பத்தார் இதனை நன்கு அறிவர். நன்கு வளர்ந்த வெண்வால் மான் ஒன்று, எலும்பு நீக்கிய பின்னும் 20 கிலோவுக்குக் குறையாத இறைச்சியைத் தரும். ஒரு வீட்டார் ஒரு வாரத்தில் உண்டு தீர்க்கக்கூடிய அளவா அது? அண்டை அயலார்க்குக் கொடுத்தது போக, உறைபெட்டியில் அடைத்தது போக, எஞ்சுவதை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பும் மிளகும் ஏற்றி, உலர்த்தி வைத்துக்கொள்வர். பள்ளி செல்லும் பிள்ளையின் பையிலும், மறுமுறை காட்டுக்குச் செல்பவரின் சட்டைப் பையிலும் அது இடம்பெறும். ‘ஜெர்க்கி’ என்பது அதன் பெயர்.

பெயரின் வரலாறு சுவையானது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் வாழும் மக்களின் கெச்சுவா மொழியில் ‘சார்க்கி’ என்றால் உலர்ந்த இறைச்சி. அம்மலை உச்சிகளில் பகலில் காயும் வெயிலும் இரவில் உறைய வைக்கும் குளிரும் சேர்ந்து லாமாவின் இறைச்சியை வற்றச் செய்தன. ஸ்பானியர் அச்சொல்லை எடுத்தாண்டனர். ஆங்கிலம் அதனை ஜெர்க்கி ஆக்கிக்கொண்டது. வட அமெரிக்கப் பழங்குடியினரோ மான், காட்டெருது ஆகியவற்றின் ஊனைக் கீற்றுகளாக்கிப் பரண்மேல் உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்புடன் கலந்து ‘பெமிக்கன்’ செய்தனர். தென்னாப்பிரிக்காவில் அதே கலை ‘பில்டோங்’ எனப்படுகிறது; காடியும் கொத்துமல்லி விதையும் தடவிய பருங்கீற்றுகளைக் காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவது அந்நாட்டு வழக்கம்.

தமிழருக்கும் இஃது அயல் கலை அன்று. ‘வாடூன்’ என்னும் சொல் பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. புற்றில் எறும்பு சேர்த்த புல்லரிசியைத் தோண்டி எடுத்துவரும் எயினப் பெண்டிர், அதனைக் குற்றி, வாடூனுடன் சமைத்து விருந்தினர்க்கு இட்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். அந்த வாடூனின் வழித்தோன்றலென இன்றைய உப்புக்கண்டத்தைச் சொல்லலாம். ஆட்டிறைச்சியில் உப்பும் மஞ்சளும் பிசறி, நூலில் கோத்து, வெயிலில் காயவிடும் காட்சியைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கண்டவர் பலர். மலாய்க்காரரின் தெண்டெங்கும், சீனர் கரியடுப்பில் வாட்டும் பக்வாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை எனலாம்.

ஆயினும் இக்குடும்பத்தில் ஒரு வேறுபாடு மறைந்து கிடக்கிறது. உப்புக்கண்டம் எண்ணெயில் பொரிந்த பின்னரே வாய்க்கு வருகிறது. எயினர் வாடூனும் உலையில் வெந்தது. தெண்டெங் வாணலியைக் காண்கிறது. பக்வா கரிநெருப்பைக் காண்கிறது. உலர்த்தும்போது நுழைந்த தீங்கு எதுவாயினும் கடைசியில் வரும் தீ அதனைத் தீர்த்துவிடும். ஜெர்க்கிக்கோ அத்தகைய காவல் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே மெல்லப்படும் பண்டம் அது. ஆகவே, தீ எந்தக் கட்டத்தில் வரவேண்டும் என்பதைச் செய்பவர்தாம் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். எந்தக் கருவியை வாங்குவது, எம்முறையைக் கைக்கொள்வது என்னும் வினாக்கள் எல்லாம் இந்த ஒரு வினாவைச் சுற்றியே சுழல்கின்றன.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. வீட்டில் செய்த மானிறைச்சி ஜெர்க்கியை உண்ட குடும்பத்தாரும் நண்பர்களுமாக 11 பேர் நோயுற்றனர். ஈ.கோலி ஓ157:எச்7 என்னும் நச்சு நுண்ணுயிரே காரணம் எனக் கண்டறியப்பட்டது. எஞ்சியிருந்த ஜெர்க்கியில் அது இருந்தது. சமைக்காத இறைச்சியில் இருந்தது. மானை அறுத்த வாளில் இருந்தது. தோலின் துண்டுகளிலும் இருந்தது. 1997இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழ் இவ்வாய்வை வெளியிட்டது. இறைச்சியைச் செய்தவர் சோம்பேறி அல்லர். மின்னுலர்த்தியில் ஏறத்தாழ 52 முதல் 57 செல்சியஸ் பாகை வெப்பத்தில் பல மணி நேரம் அது உலர்த்தப்பட்டிருந்தது. பார்வைக்கும் சுவைக்கும் குறை ஏதும் இருந்திராது. உலர்ந்திருந்தது; ஆனால் வேகவில்லை.

பல மணி நேரம் சூட்டில் கிடந்தும் நுண்ணுயிர் சாகாதது ஏன்? மண்குடத்து நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதன் காரணமே இதற்கும் காரணம். ஈரமான பொருளிலிருந்து நீர் ஆவியாகும்போது அப்பொருளின் சூட்டையும் உடன் எடுத்துச் செல்கிறது. பெட்டிக்குள் காற்று 60 பாகையில் வீசினாலும், ஈரம் கசியும்வரை இறைச்சி அச்சூட்டை எட்டுவதில்லை. ஈரம் வற்றி இறைச்சி சூடேறத் தொடங்கும் வேளையிலோ, தன் ஈரத்தையும் இழந்துவிட்ட நுண்ணுயிர் வெப்பத்தைத் தாங்கும் வன்மையைப் பெற்றுவிடுகிறது. ஈரச் சூட்டில் விரைவில் மடியும் உயிர், உலர்சூட்டில் பிடிவாதமாக நிற்கிறது. ஆதலின், உலர்த்துவதற்கு முன்பே இறைச்சியின் உட்பகுதி 71 பாகையை எட்டவேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை.

அதற்கு வழிகள் உண்டு. ஊறவைத்த சாற்றையே கொதிக்கவிட்டு, கீற்றுகளை அதில் சில நிமிடங்கள் இட்டு எடுத்து, உடனே உலர்த்தியில் பரப்புவது ஒன்று. பாதுகாப்பில் குறையில்லை, எனினும் நிறம் சற்று மங்கும், மெல்லும் தன்மையும் மாறும் என்று பழைய கைகள் முணுமுணுப்பதுண்டு. மற்றது, முதலில் உலர்த்திவிட்டு, இறுதியில் கீற்றுகளை 135 பாகைச் சூடேறிய ஓவனில் 10 நிமிடம் வைத்தெடுப்பது. கீற்று 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால்தான் இது பலிக்கும். சுவையை விரும்புவோர் பின்னதை நாடுவர். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முன்னதே ஏற்றது; நிறம் மங்கினால் குடிமுழுகிவிடாது.

இனிக் கருவிகளைக் காண்போர்க்குக் கடையில் மலைப்பே மிஞ்சும். வீட்டில் ஏற்கனவே உள்ள ஓவன் போதாதா என்பது முதல் கேள்வி. ஒருமுறை செய்து பார்ப்பதற்குப் போதும். ஆனால் பல ஓவன்கள் 75 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அச்சூட்டில் கீற்றின் வெளிப்புறம் விரைந்து இறுகி, உள்ளீரத்தை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். ஈரக் காற்று வெளியேறும்பொருட்டுக் கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும்; அடுக்களை வெந்து போகும்; எரிபொருள் செலவும் இரட்டிக்கும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் திறந்த ஓவன் கதவு ஒரு தனிக் கவலை.

மின்னுலர்த்தி இருவகைப்படும். வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வகை ஒன்று. அடியிலோ மேலிலோ இருந்து விசிறி காற்றைச் செலுத்தும். விலை மலிவு; தட்டுகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் விசிறியை அடுத்த தட்டு முதலில் காயும். எதிர்முனைத் தட்டு ஈரமாகவே நிற்கும். இடையிடையே இடம் மாற்றி வைக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். விசிறி அடியில் இருப்பின், ஊறல் சாறு அதன்மேல் சொட்டும். மற்றது அலமாரி போன்ற பெட்டி. பின்புறச் சுவரில் விசிறி. காற்று எல்லாத் தட்டுகளிலும் குறுக்காக ஓடுவதால் ஏறத்தாழச் சீராகக் காயும். விலை கூடுதல், அடைத்துக்கொள்ளும் இடமும் கூடுதல். ஆண்டுக்கு ஒரு மானேனும் வீட்டுக்கு வருமாயின் பெட்டி வகையே தன் விலையைத் தான் ஈட்டித் தரும். எவ்வகையாயினும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லாததை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதற்கு ஒப்பாகும்.

புகையடுப்பின் ஈர்ப்பு வேறு. ஹிக்கரி, ஆப்பிள் மரத் துண்டுகளின் புகை தரும் மணத்தை எந்தப் பெட்டியாலும் தர இயலாது. நெகிரி செம்பிலானில் சாலாய் இறைச்சி உண்டவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. ஆனால் விறகின் சூடு ஒரு நிலையில் நிற்பதில்லை. காற்றடித்தால் ஏறும், மழை தூறினால் இறங்கும். ஆகவே ஓரிரு மணி நேரம் புகையூட்டிவிட்டு, மீதியை உலர்த்தியிடம் ஒப்படைப்பவரே அறிவுடையார். வெயிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் காய்ந்து பிற்பகலில் மழை கொட்டும் மலேசிய வானத்தை நம்பி, தீயைக் காணாது உண்ணப்படும் இறைச்சியைக் கொடியில் கட்டுதல் ஆகாது. ஈக்களுக்கே அது விருந்தாகும்.

பெரிய பெட்டியை ஆராய்ந்து வாங்குவோர், சிறிய வெப்பமானியை மறந்துவிடுகின்றனர். திருகில் அச்சிட்ட எண் ஒன்றாகவும் உள்ளே வீசும் காற்றின் சூடு வேறொன்றாகவும் இருப்பது மிகப் பல உலர்த்திகளின் இயல்பு. இறைச்சியை வைக்குமுன் வெறும் பெட்டியை ஓட்டி, தட்டின்மேல் வெப்பமானி வைத்துப் பார்த்தல் வேண்டும். 55 முதல் 60 பாகை வரை நிலையாக நின்றால் அந்தப் பெட்டி நம்பத்தக்கது. ஆரிகன் குடும்பத்தார்க்கு வந்த துன்பத்தை நினைப்பவர்க்கு இந்த வெப்பமானியின் விலை பெரிதாகத் தோன்றாது.

மான் இறைச்சி கொழுப்புக் குறைந்தது என்பதே ஜெர்க்கிக்கு அதனைச் சிறப்புடையதாக்குகிறது. கொழுப்பு காயாது, நாளடைவில் சிக்கலெடுக்கும். மான் கொழுப்போ வாயில் மெழுகுபோல் ஒட்டும் குணமுடையது. எனவே பின்தொடைத் தசையைத் தேர்ந்து, வெண்ணிறச் சவ்வையும் கொழுப்பையும் விடாது சீவி எறிவர். முழுதும் உறையாமல் பாதி உறைந்த நிலையில் இறைச்சி கத்திக்கு நன்கு இணங்கும். ஒரே கனத்தில் கீற்றுகள் விழும். நாரின் போக்கிலே அரிந்தால் நெடுநேரம் மெல்லும்படி இருக்கும். நாருக்குக் குறுக்கே அரிந்தால் எளிதில் கடிபடும். பல் தளர்ந்த பெரியவர்க்குக் குறுக்கு வெட்டே உதவும். அரைத்த இறைச்சியைக் குழாய்க் கருவியால் பட்டையாகப் பிழிந்து செய்வோரும் உளர். அரைக்கும்போது மேற்புற நுண்ணுயிர் உட்புறமெங்கும் கலந்துவிடுவதால், அங்கே 71 பாகை விதியில் தளர்வே கூடாது.

ஊறல் சாறு அவரவர் கைப்பக்குவம். சோயா சாஸ், மிளகு, பூண்டு, சிறிது சர்க்கரை என்பது பரவலான கூட்டு. கொத்துமல்லி சேர்ப்பதில் தமிழ்க் கைக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஓரிரவு ஊறட்டும், ஆனால் அது குளிர்பதனப் பெட்டிக்குள், 4 பாகைக்கு மேற்படாத குளிரில் நிகழ வேண்டும். சோடியம் நைட்ரைட்டு கலந்த பதனுப்பைச் சிலர் சேர்ப்பர். சமையல் உப்பெனக் கருதி எவரும் எடுத்துவிடாதபடி அதற்கு இளஞ்சிவப்பு நிறம் ஏற்றியிருப்பார்கள். கண்ணளவில் போடத்தக்கதன்று அது. தராசு இல்லாத வீட்டில் அதற்கு இடமில்லை.

அடுக்களைக்கு வருமுன்பே கெட்டுவிட்ட இறைச்சியை எந்தக் கருவியும் திருத்தாது. குண்டு வயிற்றில் பாய்ந்து குடல் கிழிந்தால், அந்தச் சுற்றுப் பகுதியை வெட்டி எறிவதே முறை. தோலுரித்த கத்தியையும் வாளையும் கழுவாமல் தசையில் வைக்கலாகாது. இன்னொன்றும் உண்டு. 1967இல் கொலராடோ மாநிலத்தில் அடைப்பில் வளர்ந்த மான்களிடம் முதலில் காணப்பட்ட ‘உருக்கு நோய்’ இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் பரவியுள்ளது. அதனை உண்டாக்கும் கோணல் புரதம் வேகவைத்தாலும் அழியாது, உலர்த்தினாலும் அழியாது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதி செய்யப்பட்ட சான்று இல்லை. எனினும் நோயுள்ள மானை உண்ணற்க என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை. அந்நோய் உள்ள வட்டாரங்களில் மானின் நிணநீர் முடிச்சுகளைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியிலேயே வைத்திருக்கின்றனர்.

நான்கு கிலோ இறைச்சி உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ ஜெர்க்கி மிஞ்சும். காய்ந்ததா என்பதைச் சூட்டிலே சோதித்தால் ஏமாற்றமே. சூடான கீற்று மென்மையாகவே தோன்றும். ஒன்றை எடுத்து ஆறவிட்டு வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு விட்டு, வெண்ணார் தெரிந்து, ஆனால் இரண்டாக ஒடியாமல் நின்றால் பதம் சரி. ஒடிந்தால் மிகக் காய்ந்தது. வெடிக்காமல் வளைந்தால் இன்னும் சில நாழிகை உள்ளே கிடக்க வேண்டியதுதான். மேலே கசிந்த எண்ணெய்த் துளிகளைத் தாளால் ஒற்றியெடுத்து, முற்றும் ஆறிய பின், காற்றுப் புகாத புட்டியில் அடைத்து நாளைக் குறித்து வைப்பர். வெளியில் இரண்டு வாரம் இருக்கும்; அதற்கு மேற்பட்டால் உறைபெட்டிக்குப் போக வேண்டும். மறுநாள் புட்டியின் உட்புறத்தில் பனித்துளி தெரிந்தால், மூடியைத் திறந்து கீற்றுகளைத் திரும்பவும் தட்டில் பரப்பிவிடுவர்.