அப்பம்மாவின் கதை 64 கேபியில் அடங்கவில்லை

எங்கள் வீடு மவுண்ட் ரொஸ்கிலில். கராஜின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே நான்கு ஃப்ளொப்பி டிஸ்குகள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் கையெழுத்து: "அம்மா 1", "அம்மா 2", இப்படி நான்கு வரை. போன குளிர்காலம் கராஜைத் துப்பரவாக்கும்போது எடுத்துக் காட்டினேன்.

"எறி பிள்ளை. அது பழுதாப் போச்சு. 1999இலயே திறந்து பார்த்தனான். எல்லாம் குப்பையா வந்தது."

"என்ன இருந்தது அதில?"

"அப்பம்மா சொன்ன கதையள்."

நான் எறியவில்லை. அப்பம்மா 1996இல் யாழ்ப்பாணத்தில் இருந்து ஆக்லாந்துக்கு வந்தவர். 2004இல் அவர் காலமானபோது எனக்கு மூன்று வயது. அவருடைய குரல் எனக்கு ஞாபகம் இல்லை.

கதை எப்படி டிஸ்குக்குள் போனது என்று அப்பாவிடம் கேட்டேன். வேலை முடிந்து வந்த இரவுகளில் அப்பம்மா குசினியில் இருந்தபடி சொல்ல, அவர் தட்டச்சு செய்தாராம். அப்போது எங்கள் வீட்டுக் கணினி டொஸ்ஸில் ஓடியது. டொஸ்ஸுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. உலகில் வேறு இடங்களில் தமிழ் மென்பொருள்கள் வந்துவிட்டன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசைத் தொடங்கியிருந்தார். கனடாவில் ஸ்ரீனிவாசன் எழுதிய ஆதமி இருந்தது. ஆனால் புதிதாக வந்த குடும்பத்தில் வாடகைக்குப் பிறகுதான் எதுவும். அப்பாவிடம் இருந்தது படித்த ப்ரோகிராமிங் மட்டும். ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து, டேர்போ சி என்ற கொம்பைலரில் தானே ஒரு சிறிய எடிட்டர் எழுதினார்.

கொம்பைலர் என்றால் நாம் எழுதும் ப்ரோகிராமைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது. டேர்போ சி நல்ல கொம்பைலர். ஆனால் அப்பம்மா நிறையக் கதைப்பார். இரண்டாவது டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது எடிட்டர் இடமில்லை என்று நின்றுவிட்டது.

காரணம் இதுதான். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் சில்லு 1 எம்பி நினைவகத்தை மட்டுமே எண்ணக்கூடியது. அதில் மேலே உள்ள 384 கேபி திரை போன்றவற்றுக்கு ஒதுக்கம். மிச்சம் 640 கேபிதான் டொஸ்ஸுக்கும் எங்கள் ப்ரோகிராமுக்கும். அதையும் அந்தச் சில்லு 64 கேபித் துண்டுகளாகத்தான் பார்க்கும். அப்பா முழுக் கதையையும் ஒரே துண்டில் வைத்திருந்தார். எங்கள் கணினியில் 8 எம்பி இருந்தது. அதன் 386 சில்லு 1985இல் வெளிவந்த வகை, 4 ஜிபி வரை எண்ணக்கூடியது. ஆனால் டொஸ் பழைய சில்லுக்காக எழுதப்பட்டது. அது ஓடும்போது புதிய சில்லும் பழைய சில்லு போலவே நடந்துகொள்ளும். இடம் இருந்தது, போக வழி இல்லை.

அந்த வழியைத் திறப்பதுதான் டொஸ் எக்ஸ்டெண்டர். நினைவக நீட்டிப்பான் என்று சொல்லலாம். அது சில்லைப் புதிய முறைக்கு மாற்றி, ப்ரோகிராமை அங்கே ஓட விடும். ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் டொஸ்ஸைத்தானே கேட்க வேண்டும்? அந்த நேரம் நீட்டிப்பான் சில்லைப் பழைய முறைக்கு இறக்கி, கேள்வியை டொஸ்ஸிடம் கொடுத்து, பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வரும். அப்பம்மாவை டொக்டரிடம் கூட்டிப் போகும்போது அப்பா செய்த வேலையும் இதுதான். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, அப்பம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நடுவில் அப்பா.

நீங்கள் டூம் விளையாடியிருந்தால் இதைக் கண்டிருப்பீர்கள். 1993இல் வந்த அந்த விளையாட்டுத் தொடங்கும்போது டொஸ்/4ஜிடபிள்யூ என்று ஒரு வரி வரும். வாட்கொம் கொம்பைலரோடு வந்த நீட்டிப்பானின் பெயர் அது. வாட்கொம் விலை கொடுத்து வாங்க வேண்டியது. அப்பா எடுத்தது டிஜேஜிபிபி, முழுக்க இலவசம். அமெரிக்காவில் டிஜே டெலோரி என்பவர் 1989இல் தொடங்கியது. ஜிசிசி கொம்பைலரை டொஸ்ஸுக்குக் கொண்டுவர முடியுமா என்று ஒரு கூட்டத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனிடம் கேட்டிருக்கிறார். ஜிசிசி மிகப் பெரிது, முடியாது என்று பதில் வந்ததாம். அதன்பின் அவரே செய்து காட்டினார். 1996இல் வந்த குவேக் விளையாட்டும் டிஜேஜிபிபியால் கட்டப்பட்டதுதான். அதோடு சார்ல்ஸ் சாண்ட்மன் எழுதிய சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ என்ற நீட்டிப்பானும் வந்தது. அப்பா 1997இல் தன் எடிட்டரை டிஜேஜிபிபிக்கு மாற்றினார். அப்பம்மா மூன்றாவது டிஸ்கைத் தொடங்கினார்.

இனி என் பங்கு. டிரேட் மீயில் பழைய யூஎஸ்பி ஃப்ளொப்பி ட்ரைவ் ஒன்று வாங்கினேன். முதலில் எல்லா டிஸ்கையும் லப்டொப்பில் பிரதி எடுத்தேன். ஆக்லாந்து ஈரம் இரண்டாவது டிஸ்கில் பூஞ்சையாக ஏறியிருந்தது. அதில் ஒரு பகுதி வரவே இல்லை. மற்ற மூன்றும் வந்தன. நான்காவதில் எடிட்டரும் அதன் மூலநிரலும் இருந்தன.

எடிட்டரை இன்றைய விண்டோஸ் ஓட்டாது. டொஸ்ஸைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸில் போட்டேன். டிபிஎம்ஐ இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றது. நீட்டிப்பானைக் காணவில்லை என்று அர்த்தம். சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ கோப்பைத் தேடி எடுத்து அதே இடத்தில் வைத்தேன். திரை கறுத்தது. பிறகு அப்பா வரைந்த எழுத்துகள் வந்தன. "ழ" கொஞ்சம் குண்டு. மூன்றாவது டிஸ்க் திறந்தது, நான்காவதும் திறந்தது.

முதலாவது டிஸ்கில் மட்டும் "அத்தியாயம் 776077313" என்று வந்து உறைந்தது.

அப்பா பின்னால் நின்று பார்த்தார். "இதுதான் அண்டைக்கும் வந்தது" என்றார்.

அந்த எண்ணை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 65536 ஆல் வகுத்துப் பார்த்தேன். 11842, மீதி 1. அத்தியாயம் 1, நீளம் 11842 எழுத்துகள்! டிஸ்க் பழுதாகவே இல்லை.

நடந்தது இதுதான். அப்பாவின் எடிட்டர் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் இரண்டு முழு எண்களை எழுதும், அத்தியாய எண்ணும் நீளமும். டேர்போ சியில் "இன்ட்" என்றால் 2 பைட். டிஜேஜிபிபியில் அதே "இன்ட்" 4 பைட். முதல் இரண்டு டிஸ்குகளும் டேர்போ சி காலத்தவை. புதிய எடிட்டர் அந்த இரண்டு சிறிய எண்களையும் சேர்த்து ஒரே பெரிய எண்ணாக வாசித்திருக்கிறது.

கொம்பைலரை மாற்றியபோது திரையில் எழுதும் வரிகளை டிஜேஜிபிபி ஏற்கவில்லை, பிழை காட்டியது. அவற்றை அப்பா திருத்தினார். "இன்ட்" இரண்டிலும் சரியான சொல், அதனால் அது ஒன்றும் சொல்லவில்லை. சென்னையில் இருந்து வந்த என் சிநேகிதியிடம் ஒருமுறை "அம்மா பேசினா" என்றேன். "என்ன பேசினாங்க?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பேசுவது என்றால் ஏசுவது. அவளுக்குப் புரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்பாள். புரிந்த சொல் என்பதால் இருவரும் வேறு வேறு கதை கேட்டுக்கொண்டிருந்தோம்.

திருத்தம் சின்னது. பழைய கோப்பு என்றால் "இன்ட்"டுக்குப் பதிலாக 2 பைட் எடுக்கும் "ஷோர்ட்". ஆனால் லப்டொப்பில் உள்ள கொம்பைலரால் அப்பாவின் நிரலைக் கட்ட முடியவில்லை. அதில் பாதி டொஸ்ஸோடும் நீட்டிப்பானோடும் கதைக்கும் வரிகள். டிஜேஜிபிபிதான் வேண்டும். நல்ல வேளையாக அதை இன்னும் பராமரிக்கிறார்கள், 2015இலும் ஒரு பதிப்பு வந்திருக்கிறது. டொஸ்பொக்ஸுக்குள் அதை நிறுவி மீண்டும் கட்டினேன். கூடவே கதையை யூனிகோடில் எழுதி வெளியே அனுப்ப ஒரு பகுதி சேர்த்தேன். அப்பாவின் எடிட்டர் "கொ" என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருந்தது: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரவேண்டும். அதை மாற்றவே ஒரு ஞாயிறு போனது.

அப்பம்மா தன் கதையைப் பிறந்த நாளில் இருந்து தொடங்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவில் இருந்து தொடங்கியிருந்தார். வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. வீட்டுச் சாவியைக் கவனமாக எடுத்தவர், குடையை மறந்துவிட்டார். அதை அவரே பகிடியாகச் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் எனக்கு அந்த இரவைச் சொன்னதில்லை.

அப்பா அதைத் திரையில் வாசித்துவிட்டுக் கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அச்சடிச்சுப் புத்தகமாத் தாறன் எண்டு அவவுக்குச் சொன்னனான். பிறகு அழிஞ்சு போச்சு எண்டு நினைச்சு, அதைச் சொல்லப் பயந்து, நேரமில்லை நேரமில்லை எண்டு சாட்டுச் சொன்னனான். அஞ்சு வருசம்."

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். அதில் உள்ள கோப்பு மட்டும் போதாது. அதை எழுதிய ப்ரோகிராம், அதைக் கட்டிய கொம்பைலர், அது ஓடத் தேவையான நீட்டிப்பான் எல்லாம் சேர்ந்துதான் கதை. பெயர்களை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். செய்தவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். "பழுதாப் போச்சு" என்றால் ஒருமுறை நீங்களும் திறந்து பாருங்கள்.

கதை 58 பக்கம் வந்தது. இரண்டாவது டிஸ்கில் போன இடத்தை வெற்றுப் பக்கமாகவே விட்டோம். இப்போது ஞாயிறுகளில் அப்பா சத்தமாக வாசிக்கிறார், நான் ஃபோனில் பதிகிறேன். போன கிழமை என்ன வகைக் கோப்பாகச் சேமிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"அதைத் திறக்கிற சாமானையும் சேர்த்து வை" என்றார்.