விரலுக்கு ஜாதி உண்டா?

நம்முடைய ஆரம்பப் பள்ளிகளில் சித்திரத்துக்கும் கைவேலைக்கும் என்று தனியாகப் பாடவேளை ஒதுக்குவதுண்டு. அதன் விதி விசித்திரமானது. கணக்குப் பாடம் முடியவில்லையென்றால் கடன் வாங்கப்படுவது அந்த வேளைதான். கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. செய்ய வேண்டிய கைவேலை வீட்டுப்பாடமாகப் போய்ச் சேருகிறது. இரவு ஒன்பது மணிக்குத் தகப்பனார் தெர்மகோலை வெட்டுகிறார், தாயார் பசை தடவுகிறார், குழந்தை தூங்கிவிடுகிறது. மறுநாள் தகப்பனாருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கிறது!

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இது நமக்குத் தோன்றவில்லை. படிக்கிறவன் கையில் மண் படக்கூடாது. மண்ணில் கை வைக்கிறவனுக்குப் படிப்பு வேண்டியதில்லை. இப்படி ஒரு சுவரை நமது சமூகம் நெடுங்காலமாக எழுப்பி வைத்திருக்கிறது. கைவேலைக்கு நேரும் அவமதிப்பெல்லாம் அந்தச் சுவரின் நிழல்தான்.

அதை இடிப்பதற்காகவே மகாத்மா காந்தி ஆதாரக் கல்வியைச் சொன்னார். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாடும், பிறகு டாக்டர் ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டியும் கைத்தொழிலைப் பாடத்தின் நடுவே வைத்தன. தக்ளியில் நூற்ற நூலை அளந்தால் அது கணக்கு. பருத்தி விளையும் மண்ணைப் பற்றிப் பேசினால் அது பூகோளம். எந்த வீட்டுக் குழந்தையானாலும் நூற்க வேண்டும் என்பதே அதன் உயிர்.

1953-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் வேறு விதமானது. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குத் தினம் மூன்று மணி நேரம் பாடம். மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். இரண்டு வேளையாகப் பள்ளி நடந்தால் அதிகப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் இடிக்க வேண்டிய சுவருக்கே இது மராமத்துச் செய்துவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதன்மந்திரியானதும் அது கைவிடப்பட்டது.

ஆகையால் இன்றும் கைவேலை என்றால் சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். "எங்கள் பாட்டன் ஓலை பின்னினார். பேரனும் ஓலை பின்னுவதற்கா பள்ளிக்கூடம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாயால் சொல்லும் பதில் இதற்குப் போதாது. வகுப்பில் செய்து காட்ட வேண்டும்.

செங்கற்பட்டுச் சீமை ஏரிகள் நிறைந்தது. கோடையில் தண்ணீர் வற்றும்போது கரையோரத்தில் களிமண் கிடைக்கும். கல்லையும் வேரையும் பொறுக்கி, ஓர் இரவு ஊறவைத்து, சிறிது நுண்மணல் கலந்து பிசைந்துகொண்டால் பாடம் தயார். நிழலில் உலர்த்த வேண்டும் என்பதை மட்டும் நாம் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு யானைகளைச் செய்யச் சொல்லி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைக்கிறோம். வெயிலில் வைத்த யானைக்கு மேல்தோல் முந்திக் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் நிற்கிறது, முதுகு வெடிக்கிறது. "ஏன் சார்?" என்ற கேள்வி அப்போது பிள்ளைகளிடமிருந்தே வருகிறது. விஞ்ஞானப் பாடத்தை அந்த இடத்தில் ஆரம்பித்தால் போதும்.

கோலத்துக்கு ஒரு சாக்குக்கட்டியும் தரையும் போதும். ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி நான்கு வரை. மொத்தம் எத்தனை? சிலர் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். சிலர் மேலே இருக்கும் ஆறு, ஐந்து, நான்கைக் கூட்டிப் பதினைந்து என்பார்கள், கீழேயும் அதே பதினைந்து, நடுவில் ஏழு, ஆக 37. "கோலம் பெண் பிள்ளைகள் வேலை" என்று முதலில் ஒதுங்கி நிற்கும் பையன்களும் உண்டு. சிக்குக் கோலத்தில் கையை எடுக்காமல், தொடங்கிய புள்ளிக்கே கோடு திரும்ப வேண்டும் என்று பந்தயம் கட்டினால், மணி அடித்த பிறகும் எழுந்திருக்காதவர்கள் அவர்கள்தான்.

பனையோலையில்தான் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். ஈர்க்கை நீக்கி, தண்ணீரில் நனைத்துப் பதப்படுத்திய ஓலையால் கிலுகிலுப்பையும் காற்றாடியும் செய்யலாம். ஒரு முள்ளில் செருகிக் கடற்காற்றுக்கு எதிரே பிடித்தால் காற்றாடி பறையாமல் பறை கொட்டும். அன்று வகுப்பில் ராஜா யார்? வாய்ப்பாட்டில் திக்கித் திணறும் ஒரு பையன். அவன் வீட்டில் ஓலை பின்னுகிறார்கள். மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று கற்றுக்கொள்வதைப் பார்க்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. அடுத்த வாரமும் ஓலையை அவனிடமே கொடுத்தால், அவனுக்கு 'ஓலைக்காரன்' என்று பெயர் வந்துவிடும். ஆகவே அடுத்த வாரம் அவன் கையில் வர்ணமும் தூரிகையும். உத்தியோகஸ்தர் மகள் கையில் ஓலை. எல்லோரும் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்பது நம் வகுப்பின் சட்டம். பெற்றோரின் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலும் அதுதான்.

வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைச் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போகிறோம். பெரும்பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் நிற்கும் எலிகளையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் காட்டுவது பல்லவர் காலத்தில் முடியாமல் நின்ற வேலைகளை. ரதங்களில் மேற்பகுதி திருத்தமாக இருக்க, அடிப்பகுதி சில இடங்களில் கரடுமுரடாகவே இருக்கிறது. மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. முற்றுப்பெறாத குகைகளில், பாறையைக் கட்டம் கட்டமாகக் கீறி நடுப்பகுதியைத் தட்டி எடுத்த தடம் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், தங்கள் யானைக்குக் காது பிசகிவிட்டதென்று அழுவதில்லை. காதைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுகிறார்கள்.

அந்த ஊர்த் தெருக்களில் உளிச்சத்தம் இன்றும் கேட்கிறது. அங்கே 1957-இல் அரசாங்கம் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இப்போது பட்டம் அளிக்கும் கல்லூரி. ஸ்தபதி வீட்டில் பிறக்காதவர்களும் அங்கே சேர்ந்து உளி பிடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லித்தான் திரும்புகிறோம்.

தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் குழந்தை கோணல் தும்பிக்கையோடு ஒரு யானையைக் கொண்டு வந்தால் அதைத் திருத்தப் போகாதீர்கள். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். வருகிறவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தால், இந்த வாரம் கைவேலை நடந்ததா, எல்லாப் பிள்ளைகளும் செய்தார்களா என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.