ஓட்டை விழுந்த இலைக்கு ஒரு சலாம்!

"மச்சி, சத்தியமா ஹம்மிங் பேர்டுடா! நம்ம மெஸ் பின்னாடி!"

வாயில் டூத் பிரஷ், தோளில் துண்டு சகிதமா ஓடி வந்து நின்னான் ரூம்மேட். "போடா... ராத்திரி டிஸ்கவரி சேனல் பார்த்துட்டுப் படுத்தியா?"ன்னு கேட்டேன். பையனுக்கு ரோஷம் வந்துடுச்சு. ரெண்டு செட் பரோட்டா பந்தயம் கட்டினோம். மறுநாள் காலையில, ஃபர்ஸ்ட் அவருக்கே எழுந்திருக்காத நான், அஞ்சே முக்காலுக்கு இட்லிப்பூ செடி முன்னாடி ஆஜர்!

வந்தது. சுண்டுவிரல் சைஸ். இறக்கை அடிக்கிறதே கண்ணுக்குத் தெரியலை. பூவுல உட்காராம, அந்தரத்துல நின்ன மேனிக்கு நீளமா எதையோ நீட்டி தேன் குடிச்சது. அடுத்த பூ. அதுக்கடுத்த பூ. பரோட்டா காசு போச்சேன்னு மனசு பதறிடுச்சு. போன்ல படம் பிடிச்சு, திருச்சியில ஜுவாலஜி படிக்கிற என் ஸ்கூல் தோழிக்கு அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்துல போன் பண்ணிட்டா.

"டேய் இன்ஜினீயர்ஸ்... பெருசு பண்ணிப் பாருங்கடா. தலையில ரெண்டு மீசை தெரியுதா? பறவைக்கு ஏதுடா மீசை?"

அது அந்துப்பூச்சியாம். ஹாக் மாத்னு சொல்வாங்க. அதுல 'மேக்ரோகுளோசம்'னு ஒரு வகை, பகல்லயே பறக்கும். பேருக்கு அர்த்தமே 'பெரிய நாக்கு'தான். நிஜ ஹம்மிங் பேர்டு வட, தென் அமெரிக்கப் பக்கம் மட்டும்தான் இருக்கு. அங்கே 300-க்கும் மேற்பட்ட வகைகள். நம்ம ஊர்ல பூவுக்குப் பூ தாவித் தேன் குடிக்கிறது தேன்சிட்டு. ரெண்டும் சொந்தக்காரங்ககூட கிடையாது. ஒரே வேலையைச் செஞ்சு செஞ்சு ஒரே மாதிரி ஆகிட்டாங்க. (நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தா நானும் ரூம்மேட்டும் ஆகுற மாதிரி!)

பந்தயத்துல ஜெயிச்சது நான்தான். ஆனா, "ஸ்ரீரங்கத்துல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கு. இவ்வளவு பக்கத்துல இருந்துகிட்டு ஒரு தடவைகூட வந்ததில்லையா? வெட்கமா இல்ல?"ன்னு அவ கேட்டதுல மானம் போயிடுச்சு. அடுத்த சனிக்கிழமையே கிளம்பிட்டோம்.

ரெண்டு ஆத்துக்கு நடுவுல...

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஸ்ரீரங்கம் பஸ். காவிரிப் பாலத்துல ஜன்னல் சீட் கிடைச்சா அதுவே பாதி டூர். ஸ்ரீரங்கத்துல இறங்கி மேற்கே மேலூர் பக்கம் ஆட்டோ. கோயில் கூட்டமெல்லாம் பின்னாடி போயிட, ரோட்டோரம் வாழைத் தோப்பு வர ஆரம்பிக்குது. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம். நடுவுல மேலணைக் காப்புக்காட்டுல இருக்கு பூங்கா. 2015-ல திறந்தாங்க. 25 ஏக்கருக்கும் மேல பரப்பு. நூத்துக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகளை இங்கே பதிவு பண்ணியிருக்காங்க.

நாங்க போய்ச் சேர்ந்தது காலை ஒன்பதரை. "இதுதான் கரெக்ட் டைம்"னா தோழி. வண்ணத்துப்பூச்சிக்கு உடம்புச் சூடு வெயில்ல இருந்துதான் வரணும். காலையில இறக்கையை விரிச்சு வெச்சு வெயில் காயும். உடம்பு சூடானாத்தான் பறக்கும். மேகமூட்டமா இருந்தா லீவு! மழை முடிஞ்சு செடியெல்லாம் தழைச்சு நிக்கிற மாசங்கள்ல போனா கண்ணுக்கு விருந்து.

உள்ளே நுழைஞ்சதும் நாங்க தேடினது ஊட்டி ஃப்ளவர் ஷோ மாதிரி ஒரு பூத்தோட்டத்தை. ஆனா பாதி இடத்துல ரோட்டோரப் புதர் மாதிரிதான் இருந்தது. இட்லிப்பூ ஓகே. ஆனா எருக்கு? கிலுகிலுப்பை? சின்ன வயசுல தலையைச் சுண்டி விட்டு விளையாடுவோமே, அந்தத் தாத்தாப்பூ? "இதெல்லாம் எங்க ஹாஸ்டல் பின்னாடி ஃப்ரீயா இருக்கே!"ன்னான் ரூம்மேட்.

அந்த கிலுகிலுப்பைச் செடியிலதான் முதல் ஆச்சர்யம். காய்ஞ்ச காயில, வாடின தண்டுல எல்லாம் நீலக் கோடு போட்ட புளூ டைகர் கூட்டம் கூட்டமா தொங்கிட்டிருந்துச்சு. பூவை ஒண்ணுகூட சீண்டலை. "எல்லாம் பசங்க"ன்னா அவ. அந்தச் செடியில இருக்கிற ஒரு ரசாயனத்தை உறிஞ்சி, அதுலதான் பெண்ணைக் கவர்றதுக்கான வாசனையைத் தயார் பண்றாங்களாம். பாடி ஸ்ப்ரே விளம்பரத்துக்கெல்லாம் இவங்கதான் முன்னோடி!

கொஞ்சம் தள்ளி ஈர மண்ணுல இன்னொரு கூட்டம், டீக்கடை பெஞ்ச் மாதிரி வரிசையா. அதுவும் பெரும்பாலும் ஆம்பளைங்கதான். தேன்ல உப்பு கிடையாது. அதனால சேத்துத் தண்ணியில இருந்து உப்பை எடுத்துக்கறாங்க. பெண்ணோட சேரும்போது அதையும் சீதனமா கொடுத்துடுவாங்களாம்.

"அதை மறைக்காதீங்க தம்பி!"

செடிக்குத் தண்ணி விட்டுட்டிருந்த ஓர் அக்காகிட்ட பேச்சுக் கொடுத்தோம். போட்டோவுக்கு நல்லா இருக்கட்டும்னு ரூம்மேட் ஒரு கறிவேப்பிலைச் செடியில ஓட்டை விழுந்த இலையைப் பின்னாடி தள்ளினான். "அதை மறைக்காதீங்க தம்பி. அதைப் பார்க்கத்தானே வந்தீங்க!"ன்னு சிரிச்சாங்க அக்கா.

இலையைத் திருப்பிக் காட்டினாங்க. காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. லேசா ஒரு குச்சியால தொட்டாங்க. எச்சம் நகர்ந்தது! தலையில இருந்து சிவப்பா ரெண்டு கொம்பு வெளியே வந்து, குப்புனு ஒரு வாடை. 'கறிவேப்பிலை அழகி'யோட புழு. எச்சம்னு நினைச்சு பறவை விட்டுடணும்னு இந்த வேஷம். அதையும் மீறிக் கிட்ட வந்தா கொம்பு.

தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் போகலாம். ஆனா முட்டையிட, ஒவ்வொரு வகைக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சைக் குடும்பம். வெந்தய வரியனுக்கு எருக்கு. ரோஜா அழகிக்கு ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி. அம்மா பூச்சி இலை மேல உட்கார்ந்து, காலாலேயே ருசி பார்த்து, இதுதான்னு உறுதியானாத்தான் முட்டை வைக்கும். அந்தச் செடி இல்லேன்னா? புழு பட்டினிதான். பக்கத்துச் செடியைத் தின்னு அட்ஜஸ்ட் பண்ணிக்காது.

"நிறைய பேர் கலர் கலரா பூச்செடி வாங்கி வெச்சுட்டு, வண்ணத்துப்பூச்சி வரலைங்கிறாங்க. வந்தா தேன் குடிச்சுட்டுப் போயிடும். இலையும் இருந்தாத்தான் குடும்பம் நடத்தும்"னாங்க அக்கா. நாங்க ரெண்டு செமஸ்டர் படிச்ச என்விரான்மென்டல் சயின்ஸ் மொத்தமும் அந்த ஒரு வரியில அடங்கிடுச்சு.

எருக்கம்பால் விஷம். அதைத் தின்னு வளர்ற வெந்தய வரியன் உடம்புலயும் அந்த விஷம் தங்கிடும். ஒரு தடவை தின்ன பறவை மறுபடி கிட்ட வராது. அதனாலதான் அவ்வளவு நிதானமா, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி பறக்குது. ரோஜா அழகிக்கும் இதே கதைதான். இதைப் பார்த்து, விஷமே இல்லாத கறிவேப்பிலை அழகியில சில பெண் பூச்சிங்க அச்சு அசல் ரோஜா அழகி மாதிரி டிரெஸ் பண்ணிட்டுத் திரியுது. (காப்பி அடிக்கிறது நம்ம டிபார்ட்மென்ட்ல மட்டும் இல்ல மக்களே!)

2019-ல நம்ம மாநில வண்ணத்துப்பூச்சியா 'தமிழ் மறவன்' அறிவிக்கப்பட்டது ஞாபகம் இருக்கா? "அது எங்கே?"ன்னு கேட்டேன். "அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். பஸ் பிடிச்சு வருமா?"ன்னு முறைச்சா தோழி.

கிளம்பும்போது தலைக்கு மேல 'ட்சிவிக் ட்சிவிக்'. ஊதாத் தேன்சிட்டு. வெயில் பட்டதும் கறுப்பு உடம்பு நீலமா, ஊதாவா மின்னுச்சு. ஹம்மிங் பேர்டு மாதிரி அந்தரத்துல நிக்க இதுவும் கொஞ்ச நேரம் முயற்சி பண்ணும். ஆனா காம்புல உட்கார்ந்து குடிக்கிறதுதான் அதோட ஸ்டைல். "தேன் குடிச்சே வளருதா?"ன்னு கேட்டதுக்கு, "குஞ்சுக்குத் தேன் பத்தாதுடா. புழு, பூச்சி, சிலந்தி வேணும். கூடு கட்ட சிலந்தி வலை வேணும்"னா. அதாவது, நாம 'சுத்தம்' பண்ணித் தூக்கிப் போடுற எல்லாமே அதுக்கு வேணும்.

அந்தத் திங்கட்கிழமை

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் திரும்பினோம். மெஸ் பின்னாடி இருந்த எருக்கம்புதர்ல இனிமே தினமும் அட்டென்டன்ஸ் எடுக்கிறதுன்னு முடிவு. மறுநாள் கிளாஸ் முடிஞ்சு போய்ப் பார்த்தா, புதரைக் காணோம்! காலேஜுக்கு ஆய்வுக்குழு வருதாம். தரையைச் சமமாக்கி, புல் பதிச்சு, ஓரமா குரோட்டன்ஸ் தொட்டி. பார்க்க அழகாத்தான் இருந்தது. அதுதான் ரொம்ப வலிச்சது.

காம்பவுண்ட் ஓரமா வெட்டிப் போட்ட குவியலைக் கிளறினோம். வாடின எருக்கு இலையில கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழுக்கள். எண்ணிப் பார்த்தா பதினொண்ணு. முந்தின வாரம் பார்த்திருந்தா, அதே குவியலை மிதிச்சுட்டுப் போயிருப்போம்.

பக்கெட்டுல எடுத்து ரூமுக்குக் கொண்டுபோனோம். மேலே பழைய கொசுவலை. தினமும் சாயங்காலம் ரோட்டோரம் போய் எருக்கு இலை பறிச்சுட்டு வர்றது எங்க டியூட்டி. (எருக்கம்பால் கண்ணுல படக் கூடாது. கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவணும். சீரியஸா சொல்றேன்!) ராத்திரி சத்தமே இல்லாம இலை குறைஞ்சுட்டே வரும். நாங்க இன்டர்னலுக்குப் படிச்சதைவிட அதுங்க சின்சியரா சாப்பிட்டுச்சுங்க.

நாலு செத்துப்போச்சு. ஏன்னு தெரியலை. நாங்க லேட்டா இலை கொண்டுவந்த ஒரு நாளை நினைச்சு ரூம்மேட் ரெண்டு நாள் சரியா பேசலை. மிச்ச ஏழும் தலைகீழா தொங்கி, பச்சை ஜிமிக்கி மாதிரி கூட்டுப்புழுவா மாறிடுச்சு.

முதல் கூடு கறுத்து, உள்ளே ஆரஞ்சு தெரிய ஆரம்பிச்ச அன்னைக்குக் காலையில, தோட்டக்கார அண்ணனைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சோம். கூடு வெடிச்சு, கசங்கின துணி மாதிரி வெளியே வந்து தொங்கிச்சு. கொஞ்சம் கொஞ்சமா இறக்கை விரிஞ்சுது. அண்ணன் பீடியைப் பத்த வைக்கவே மறந்துட்டாரு. காய்ஞ்சு முடிஞ்சு அது ஜன்னல் வழியா போனதும், "இத்தனை வருசமா நான் வெட்டிப் போட்டதெல்லாம் இதுவா தம்பி?"ன்னாரு.

எங்ககிட்ட பதில் இல்லை. "எங்களுக்கும் இப்பத்தாண்ணே தெரியும்"னேன்.

பத்துக்குப் பத்து

லெட்டர் எழுதினோம். கையெழுத்துக்கு அலைஞ்சோம். கடைசியா, கை கழுவுற குழாய் பக்கத்துல, யாரும் பார்க்காத மூலையில பத்தடிக்குப் பத்தடி இடம் கிடைச்சது. இன்னைக்கு அங்கே எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆமணக்கு, கிலுகிலுப்பை நிக்குது. தேனுக்கு இட்லிப்பூ, செம்பருத்தி, தானா முளைச்ச தாத்தாப்பூ. குழாய்த் தண்ணி சொட்டுற ஈர மண்ணே அவங்க டீக்கடை பெஞ்ச்.

நீங்களும் பண்ணலாம் ஃப்ரெண்ட்ஸ். மொட்டை மாடி, ஹாஸ்டல் பால்கனி எதுவா இருந்தாலும் சரி. வெயில் படுற இடத்துல ஒரு கறிவேப்பிலைத் தொட்டி, ஒரு எலுமிச்சைத் தொட்டி, பக்கத்துல ஒரு இட்லிப்பூ போதும். பூச்சி மருந்து மட்டும் கூடவே கூடாது. இலையில ஓட்டை விழுந்தா பதறாதீங்க. அதுக்குத்தானே செடி வெச்சோம்? முட்டையில இருந்து இறக்கை வரைக்கும் ஏறக்குறைய ஒரு மாசம். ஒரு இன்டர்னலுக்கும் அடுத்த இன்டர்னலுக்கும் நடுவுல ஒரு தலைமுறையே வளர்ந்துடும்.

அடுத்த ஆய்வுக்குழு எப்ப வரும்னு தெரியலை. வந்தா எங்க மூலையைச் சுத்தம் பண்ணச் சொல்லலாம். அதனால ரூம்மேட் ஒரு அட்டையில எழுதிக் கட்டியிருக்கான்: 'மருந்து அடிக்காதீர்கள். உள்ளே ஹாஸ்டலர்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.' போன வாரம் அந்த அட்டைக் கயித்துல இருந்து ஒரு நூலை உருவிட்டுப் போச்சு ஒரு தேன்சிட்டு. எங்கேயோ கூடு கட்டுது போல. எங்கேன்னு தோட்டக்கார அண்ணன் தேடிட்டு இருக்காரு.