55 கிலோ

எடை மேசைக்கு முன்னால் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஊர்க் கபடிப் போட்டி. சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் ‘55 கிலோ எடைப்பிரிவு’. அவன் சட்டையைக் கழற்றி நண்பனிடம் கொடுக்கிறான். அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியைக்கூட அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறுகிறான். 55.600.

“அறநூறு கிராம் கூட. ஆறு மணிக்கு மேசைய எடுத்துருவோம் தம்பி.”

அவன் வாதாடவில்லை. யாரோ நீட்டிய ஜெர்கினை மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடுகிறான். கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. கூடவே அணியின் மற்ற ஆறு பேரும் ஓடுகிறார்கள். அவர்களில் ஒருவனும் 53ஐத் தாண்டவில்லை. ஓட வேண்டிய தேவையே இல்லை. ஓடியபடியே அவன் எச்சிலைத் துப்பித் துப்பிப் போகிறான். உடம்பில் இருக்கும் தண்ணீர் எந்த வழியிலாவது வெளியேற வேண்டும். காலையிலிருந்து அவன் எதுவும் குடிக்கவில்லை என்பது உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது.

திரும்பி வந்து ஏறியபோது 54.950. மேசைக்காரர் பெயரை எழுதிக்கொள்கிறார். மற்றவர்கள் விசிலடிக்கிறார்கள். அணித் தலைவன் மட்டும் சிரிக்காமல் அவனுடைய விலா எலும்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மேசைக்குப் பின்னால் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரிகிறது.

இந்த வடுவூர் வட்டாரத்தில் கபடிக்குக் குறைவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் ஆடிய அபினேஷ் வடுவூர்க்காரர். அவரும் வெளியூர் விளையாட்டு விடுதியில் தங்கிப் பழகியவர்தான் என்பதை டீக்கடைப் பெரியவர்கள் இந்தப் பையன் காதில் விழும்படியே சொல்கிறார்கள். சொல்லக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்திருக்கும் இவன், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிக்குத் தேர்வாகியிருக்கிறான். பதினோராம் வகுப்பிலிருந்து அங்கேதான். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர், விளையாட்டு உடை எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். பக்கத்து ஊர்த் திருவிழாப் போட்டி அதற்கு அடுத்த நாள்.

“போறியா?” என்று கேட்பவர்களிடம் எல்லாம், “பாக்கலாம்” என்கிறான்.

அந்த அணியில் பாடிப் போய்ப் புள்ளியோடு திரும்புகிறவன் இவன் ஒருவன்தான். மற்றவர்கள் பிடிக்கிறவர்கள். அதிலும் இடது கார்னரில் நிற்பவன், இரு சக்கர வாகனப் பட்டறையில் வேலை பார்ப்பவன், கணுக்காலைப் பிடித்தால் விட மாட்டான். சாயங்காலம் தோறும் அந்தப் பிடியில் சிக்கிச் சிக்கித்தான் இவனுடைய கால் உதறக் கற்றது. தேர்வாளர்கள் கண்டு மெச்சிய அந்த உதறலில் பாதி அந்த மெக்கானிக் பையனுடையது என்பேன். தேர்வுக்குப் போய்வந்த பஸ் செலவு, அறுவடை முடிந்த வயல்களில் ஏழு பேரும் வைக்கோல் கட்டு ஏற்றிச் சேர்த்த கூலி. அதை யாரும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் அவனால் அதை மறக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. அரையிறுதி. இடைவேளைக்கு முன்பே இவர்கள் பக்கம் நான்கு பேர் வெளியே. கபடியில் ஒரு விதி எனக்கு எப்போதும் பிடிக்கும். எதிராளியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவனுக்கு உயிர் வரும். இரண்டு பேரைத் தொட்டால் இரண்டு பேருக்கு. ஆளைப் பார்த்து அழைத்துக்கொள்ள முடியாது. முதலில் போனவன்தான் முதலில் வருவான். நால்வரும் போன வரிசையிலேயே மண்ணில் உட்கார்ந்து அவனுடைய கால்களைப் பார்க்கிறார்கள். அவன் பாடிப் போகிறான். வலது பக்கம் போவதுபோல் உடம்பைச் சாய்த்து, இடது கையை வீசி ஒருவனைத் தொடுகிறான். துரத்தி வந்த இன்னொருவன் இடுப்பில் விரல் படுகிறது. திரும்பிவிட்டான். இரண்டு பேர் துள்ளி எழுந்து உள்ளே ஓடுகிறார்கள். மைக்கில் அறிவிப்பாளர் கத்துவது ஏரி தாண்டிக் கேட்டிருக்கும்.

ஆனால் இரண்டாம் பாதியில் அவன் தளர்ந்துவிட்டான். புள்ளி எடுக்காமல் இரண்டு முறை முடிந்து, மூன்றாவது ரைடு. எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். நடுக்கோட்டைத் தாண்டிப் போனவன் திடீரென்று நிற்கிறான். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. யாரும் கை வைப்பதற்கு முன்பே விழுந்துவிட்டான். உடம்பிலிருந்து விரட்டி வெளியேற்றிய அந்தத் தண்ணீரைத்தான் அந்தக் கால் கேட்டது.

இரண்டு புள்ளியில் தோல்வி. இடது கார்னர்க்காரன் அவன் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டை விரலை மடக்கி நீவுகிறான். ஒரு பேச்சும் இல்லை.

அவன் போக வேண்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது. பதினாறு வயது உடம்பு வளரத்தான் செய்யும். தேசிய சீனியர் போட்டியில் ஆண்கள் 85 கிலோ வரை ஆடலாம். இவனோ 55க்குள் நிற்பதற்காக ராத்திரிச் சோற்றை விடுகிறான். பணத்துக்காக இல்லை. பரிசுத் தொகையை ஏழாகப் பங்கிட்டால் ஆளுக்கு என்ன கிடைத்துவிடும்? அந்த ஆறு பேரோடு ஒரே பனியனில் நிற்க வேண்டும், அதற்காகத்தான். விடுதிக்குப் போகாமல் இருந்தாலும் தீபாவளிக்குள் அந்த மெஷினே இவனை அணியிலிருந்து இறக்கிவிடும். அதை இவன் யோசித்திருக்கிறானோ இல்லையோ, தலைவன் யோசித்திருக்கிறான்.

திடலோரம் பரோட்டாக் கடை. ஏழு பேரும், அவர்கள் பின்னால் எப்போதும் திரியும் ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவனும் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் டீயோடு பக்கத்து மேசையில்.

“செவ்வாக்கெழம போட்டிக்குப் பேரு குடுத்தாச்சா அண்ணே?” என்கிறான் விடுதிக்குத் தேர்வானவன்.

“குடுத்தாச்சு. பணமும் கட்டியாச்சு.” தலைவன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறான். “ஒம் பேரு இல்ல.”

அவன் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. பேசியது இடது கார்னர்க்காரன். அன்று முழுக்க அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அவன் போறேன்னு சொன்னானா? நீயா ஏண்ணே எடுத்த?”

“அவன் சொல்ல மாட்டான்டா.”

“சொல்லாதவன எதுக்கு வெரட்டுற?”

“பட்டினி கெடந்து சுருண்டு விழுறான். இன்னும் எத்தன மேட்சுக்கு விழச் சொல்ற?”

இடது கார்னர்க்காரன் இலையை மடித்துவிட்டான். பாதிப் பரோட்டா உள்ளே இருந்தது. கோபம் தலைவன்மேலா, விடுதிமேலா, அவனுக்கே தெரிந்திருக்காது. அந்தக் கோபத்தில் தப்பே இல்லை. அடுத்த வாரம் யார் காலை அவன் பிடித்துப் பழகுவான்?

“எனக்குப் பதிலு யாரு?” என்கிறான் இவன்.

தலைவன் நாடியால் பொடியனைக் காட்டினான். பொடியன் வாயில் இருந்ததை விழுங்க மறந்து பார்த்தான்.

“இவனா? இவனுக்கு போனஸ் போடவே தெரியாதுண்ணே.”

“நீ மொதல்ல சாப்புடு.” இரண்டு பரோட்டாவை அவன் இலையில் போட்டு, சால்னாவை ஊற்றச் சொன்னான் தலைவன்.

சாப்பிட்டான். வேகவேகமாக, தலையைத் தூக்காமல், இன்னும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவியதும் பொடியனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆளில்லாத களத்துக்கு நடந்தான். கால் இன்னும் லேசாக நொண்டுகிறது.

“முன்னங்கால் போனஸ் கோட்டத் தாண்டுறப்ப பின்னங்கால் தரையில இருக்கக் கூடாது. தூக்கு. ம்ஹும், இன்னும் இருக்கு பாரு. அப்படியே தூக்கிட்டு நிக்காத, ஒடனே பின்வாங்கு. கார்னர்ல ஒருத்தன் காத்துக்கிட்டு இருப்பான்.”

“எங்க நிப்பான்?” என்று கேட்டான் பொடியன்.

அவன் பதில் சொல்வதற்குள் இடது கார்னர்க்காரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்குள் வந்துவிட்டான்.

“இங்கதான் நிப்பேன். பாடி வா.”