மணிக்கட்டு

எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "கையை ஊனிட்டேன்." அந்த ஒரு சொல்லிலேயே எலும்பு மருத்துவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். அம்மாவும் அதையேதான் சொன்னாள். மார்கழி விடியல், தண்ணீர் தெளித்த வாசல், வலது கையில் கோலப்பொடி டப்பா. டப்பாவை விடாமல் இடது கையை ஊன்றியிருக்கிறாள்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே புறங்கைப் பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் ஒருவர் பார்த்துவிட்டு, சுளுக்குதான் என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தை இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைச் சுளுக்கு என்றும், மூட்டு நழுவியது என்றும்தான் நினைத்திருந்தார்கள். டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல், இது ரேடியஸ் எலும்பின் கீழ்முனை முறிவு என்று எழுதினார். எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. கையைப் பிடித்து இழுத்தால் கோணல் நேராகிறது, விட்டால் திரும்ப வந்துவிடுகிறது. இதைத் தன் விரல்களாலேயே தெரிந்துகொண்டார். அந்த விரல்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். உள்ளங்கையை ஏந்தினால் இரண்டும் அக்கம்பக்கமாக நிற்கும். கவிழ்த்தால் ரேடியஸ் புரண்டு அல்னாவின் மேல் குறுக்கே படுத்துக்கொள்ளும். ஊன்றும்போது பாரத்தில் பெரும்பங்கு ரேடியஸின் மேல்தான் இறங்குகிறது. அதன் கீழ்முனை, வெளியே மெல்லிய ஓடும் உள்ளே கடற்பஞ்சு போன்ற எலும்பும் கொண்டது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அந்தப் பஞ்சு இன்னும் மெலிந்துபோகிறது. வாசலில் விழுந்ததற்கே முறிவது அதனால்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது கை வீங்கி, கல்யாணத்தில் போட்ட இரண்டு தங்க வளையல்களும் சதைக்குள் புதைந்திருந்தன. விரல்நுனிகள் கருநீலமாகிக்கொண்டிருந்தன. சோப்பு நுரை, தேங்காய் எண்ணெய், எதற்கும் அசையவில்லை. "வெட்டிடலாமா அம்மா?" என்று கேட்டுவிட்டு, அங்கிருந்தவர் சின்ன வெட்டுக்கருவியை வளையலுக்கு அடியில் நுழைத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு முறை 'டக்'கென்று கேட்டது. எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்து மருத்துவர் சொன்னதை நான்தான் கேட்டேன். அவள் மடியிலிருந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஒட்டுமா?" என்றாள். எலும்பைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆறு வாரத்துல தானா கூடிடும்மா" என்றார் அவர்.

மணிக்கட்டு என்றால் மணி கட்டும் இடம். வடமொழியிலும் அதற்கு மணிபந்தம் என்றுதான் பெயர். எலும்பைப் பார்க்கும் முன்பே அங்கே அணியும் நகையைப் பார்த்து மனிதர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் 1895-இல் தன் மனைவியின் கையை எடுத்த படம் நினைவுக்கு வருகிறது. சதையெல்லாம் மங்கி, விரலெலும்பைச் சுற்றிக் கருப்பாக ஒரு மோதிரம் மட்டும் நிற்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் மடிதான் தெரிகிறது.

எலும்பு கூடியது. வளையல்களைப் பத்தர் பற்றவைத்துக் கொடுத்தார். இடது கையில் அவள் பிறகு போடவில்லை.

வீட்டில் யாராவது கையை ஊன்றி விழுந்தால் உருவிவிடாதீர்கள். வளையலையும் மோதிரத்தையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.